முசிடோராவா? அந்தக் கறுப்பு உடுப்புக்காரிதானே?

கேள்வி: பழைய பிரெஞ்சு ஊமைப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இங்கே முசிடோரா பெயர் அடிபடுகிறது. நான் பார்த்த வரையில் எல்லாம் ஒரே மாதிரிப் படம்தான். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு, தலையை மூடிய முக்காடு, மை தீட்டிய பெரிய கண்கள். இரத்தம் குடிக்கும் பேயாக ஒரு தொடரில் நடித்தார், இரண்டு வருடம் பரபரப்பாக இருந்தார், அப்புறம் காணாமல் போனார். இதில் கொண்டாட அப்படி என்ன இருக்கிறது? அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன்.

பிப்ரவரி 23, இரவு 10.50

தம்பி, நல்ல நாள் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். 1889-இல் இதே பிப்ரவரி 23-ஆம் தேதிதான் பாரிஸில் அவர் பிறந்தார். இயற்பெயர் ழான் ரோக். நடிகையாக வாழ்ந்தது அவர் வாழ்க்கையில் ஒரு பகுதிதான். படம் இயக்கியிருக்கிறார், சொந்தமாகப் படக் கம்பெனி நடத்தியிருக்கிறார், நாவல் எழுதியிருக்கிறார், கடைசிக் காலத்தில் சினிமாவின் ஆரம்பகால ஆட்களைத் தேடிப் போய் அவர்கள் நினைவுகளை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கறுப்பு உடுப்பை மறந்துவிட்டுப் பேசினால்தான் முசிடோரா தெரிவார் என்பது என் கட்சி. நாளைக்குக் கடையில் கல்யாண வேலை இருக்கிறது, பதினாறு ரவிக்கை. அதை முடித்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 23, இரவு 11.15

ஒன்றைச் சொல்லாமல் படுத்தால் தூக்கம் வராது. அவர் இரத்தம் குடிக்கும் பேயாக நடிக்கவே இல்லை. "லே வாம்ப்பீர்" தொடரில் வாம்ப்பீர் என்பது பாரிஸையே ஆட்டிப் படைக்கும் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் பெயர். கழுத்தைக் கடிப்பது, சவப்பெட்டியில் படுப்பது எதுவும் கிடையாது. திருட்டு, விஷம், ஆள் கடத்தல், ஆள்மாறாட்டம், கூரை மேல் ஓட்டம். ஒரு பத்திரிகைக்காரர் அவர்களைத் துரத்துகிறார். கதை அவ்வளவுதான்.

பிப்ரவரி 25

வேலை முடிந்தது. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. அதனால் இன்றைக்கு அவருடைய ஊசிப் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முசிடோராவின் அப்பா இசையமைப்பாளர், சோஷலிசத்தில் ஊறியவர். அம்மா ஓவியம் வரைந்தவர், பெண்ணுரிமை பேசியவர். வீட்டில் அரசியலும் இருந்தது, கலையும் இருந்தது. பெண் ஓவியம் கற்றுக்கொண்டு, அதிலிருந்து மேடைக்குப் போனார். முசிடோரா என்ற பெயரை அவராகத்தான் எடுத்துக்கொண்டார். தெயோஃபில் கோத்தியேவின் ஒரு கதையில் வரும் நாயகியின் பெயர் அது. கலைத் தேவதைகள் தந்த கொடை என்று கிரேக்கத்தில் பொருள் வரும். ரோக் என்ற பெயரோடு இருந்திருந்தால் நாம் இன்று பேசிக்கொண்டிருப்போமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

1914-இல் அவருடைய முதல் படம். தொழிலாளிகளுக்காகத் தொழிலாளிகளே சினிமா எடுக்க வேண்டும் என்று, அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதத் தோழர்கள் சேர்ந்து 1913-இல் "மக்கள் சினிமா" என்று ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். அவர்கள் எடுத்த முதல் படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் "ஊசியின் துயரங்கள்". வீட்டிலிருந்து தைத்துப் பிழைக்கும் ஒரு பெண், கணவனை இழந்து, கூலியில் ஏமாற்றப்பட்டு, சாவது மேல் என்று முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறாள். அந்தத் தையல்காரியாக நடித்தவர் முசிடோரா. கொள்ளைக்காரியாக வருவதற்கு முன்னால் அவர் திரையில் என் தொழிலைத்தான் செய்தார் என்று தெரிந்த அன்று கடையில் இருந்த எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

நான் பாரிஸுக்கு வந்த புதிதில் ஒரு பட்டறையில் துண்டுக் கணக்கில் தைத்தேன். பாவாடைக்கு இவ்வளவு, பாக்கெட் இருந்தால் கூடக் கொஞ்சம். மாதக் கடைசியில் எண்ணிக்கை எப்போதும் என் நோட்டில் ஒன்று, அவர்கள் நோட்டில் ஒன்று. அந்தப் படத்தின் கதைச் சுருக்கத்தைப் படித்தபோது அந்த நோட்டுத்தான் கண் முன்னால் வந்தது.

பிப்ரவரி 26

கறுப்பு உடுப்பை மறக்கச் சொன்னேன். ஆனால் தையல்காரி கண்ணுக்கு அது தப்புமா? நேற்று ராத்திரி லே வாம்ப்பீர் ஆறாவது பாகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஃபோந்தென்புளோ ஹோட்டலில் நள்ளிரவில் அவர் தாழ்வாரத்தில் பதுங்கி வரும் இடம்.

அது பட்டுப் பின்னல் துணி. இப்போது நீச்சல் உடை, ஜிம் உடை எல்லாவற்றிலும் இருக்கும் லைக்ரா நூல் 1958-இல்தான் வந்தது, முசிடோரா இறந்ததற்கு அடுத்த வருடம். அந்த நூல் கலக்காத பின்னல் உடம்போடு இழுத்துக்கொண்டு போகும், ஆனால் திரும்பி வராது. உட்கார்ந்து எழுந்தால் முட்டியில் பை விழும். முழங்கையின் உள்பக்கம் மடிப்பு சேரும். அவர் கதவருகே குனிந்து நிமிரும்போது முட்டிப் பக்கம் கொஞ்சம் தொய்ந்து நிற்கிறது பாருங்கள். எனக்கு அந்தத் தொய்வு ரொம்பப் பிடித்திருக்கிறது. இன்றைய சூப்பர் ஹீரோ உடைகளில் உள்ளே பஞ்சு வைத்து, ரப்பர் ஊற்றி, உடம்பையே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். இங்கே துணிக்குள் ஒரு மனுஷி இருக்கிறாள், அவளுக்கு முட்டி இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. அதை ஒளிக்க யாரும் முயலவில்லை.

மார்ச் 1

இந்த இழையில் ஒருவர் போட்டிருக்கும் புகைப்படத்தைப் பற்றி. இரண்டு பக்கமும் பெரிய வௌவால் இறக்கையை விரித்துக்கொண்டு, படுத்திருக்கும் பெண்ணின் மேல் கவிந்து நிற்பவர் முசிடோரா இல்லை. அது ஸ்டாசியா நபியர்கோவ்ஸ்கா, நடனக்காரி, இரண்டாவது பாகத்தில் மட்டும் வருகிறார். மேடையில் வௌவாலாக ஆடிக்கொண்டிருக்கும்போதே விஷ மோதிரத்தின் வேலையில் சுருண்டு விழுந்து செத்துப்போகிறார். சினிமா புத்தக அட்டைகளிலேயே இந்தப் படத்தைப் போட்டு முசிடோரா என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

முசிடோரா மூன்றாவது பாகத்தில்தான் உள்ளே வருகிறார். பத்துப் பாகத் தொடரில் முதல் இரண்டில் ஆளே இல்லை. அப்படியும் நூறு வருடம் கழித்து அந்தத் தொடர் என்றால் அவர் முகம்தான்.

மார்ச் 2

அவர் உள்ளே வரும் விதம் இருக்கிறதே! ஒரு கீழ்த்தரமான மதுக்கூடத்தின் வாசலில் பாடகியின் விளம்பரத் தாள் ஒட்டியிருக்கிறது. இர்மா வெப் என்று பெயர். பத்திரிகைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தாளில் இருக்கும் ஏழு எழுத்தும் தானாக இடம் மாறி வாம்ப்பீர் என்று நிற்கின்றன. பிரெஞ்சில் இரண்டுக்கும் அதே ஏழு எழுத்துகள்.

தமிழில் இது நடக்காது. வெ என்றால் கொம்பு முன்னால் ஒட்டிக்கொள்ளும், ர்மா என்றால் கால் பின்னால் ஒட்டிக்கொள்ளும், தனித்தனியாகப் பிரித்து உட்கார வைக்க முடியாது. மகளோடு மேஜையில் சீட்டு வெட்டிப் போட்டு ஒரு மணி நேரம் முயன்று பார்த்தோம். முடிவில் அவள் பிரெஞ்சு எழுத்துகளை எழுதி நகர்த்திக் காட்டினாள்.

மார்ச் 8

ஞாயிற்றுக்கிழமை. கடை அரை நாள்தான். லா ஷாப்பெல்லில் மெட்ரோ ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் பிளாஸ் து கிளிஷி. அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

கோமோன் பலாஸ் என்று ஒரு பிரம்மாண்டமான தியேட்டர் அந்த முனையில் இருந்தது. 1915 நவம்பர் 13-ஆம் தேதி லே வாம்ப்பீர் முதல் பாகம் அங்கேதான் வெளியானது. 1973-இல் இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு ஹோட்டலும், பெயின்ட், ஆணி, பலகை விற்கும் பெரிய கடையும் இருக்கின்றன. உள்ளே போனேன். திரைச்சீலைக் கம்பி வரிசைக்கும் பூட்டு வரிசைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். பூட்டு வரிசை எனக்குப் பொருத்தமாகப் பட்டது, அந்தத் தொடரில் பூட்டை நம்பி யாரும் தூங்க முடியாது அல்லவா. வீட்டுக் கழிவறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன்.

அந்த நவம்பரில் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். போர் தொடங்கிப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. ஆண்கள் போர்முனையில். படத்தில் தெருக்கள் வெறிச்சென்று இருப்பதைப் பாருங்கள், யாரும் அதற்காக ஆட்களை விலக்கவில்லை, ஊரே அப்படித்தான் கிடந்தது. இயக்குநர் லூயி ஃபெயாத் முழுக்கதையை எழுதி வைத்துக்கொண்டு எடுக்கவில்லை. எந்த நடிகர் எப்போது போருக்குப் போவார் என்று தெரியாத நிலையில் அப்படி எழுதவும் முடியாது. பாத்தே கம்பெனி டிசம்பரில் அமெரிக்க நடிகை பெர்ல் ஒயிட்டின் தொடரை இறக்கப்போகிறது என்று தெரிந்து, அதற்கு முந்த வேண்டும் என்று, லே வாம்ப்பீரை எடுத்த கோமோன் கம்பெனி அவசரப்பட்டது. கொலைகாரர்களைப் புகழ்கிறது என்று காவல்துறை நடுவில் தொடருக்குத் தடை போட்டது. முசிடோராவே நேரில் போய்க் காவல்துறைத் தலைவரிடம் பேசித் தடையை எடுக்க வைத்தார் என்று சொல்வார்கள். கடைசிப் பாகம் 1916 ஜூன் 30. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 7 மணி நேரம்.

மார்ச் 9

போர்க்காலம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முசிடோராவும் எழுத்தாளர் கொலெத்தும் நெருங்கிய சிநேகிதிகள். கொலெத் மூத்தவர், 1912-இல் பாத்தாக்லான் மேடையில் இருவரும் சேர்ந்து நடித்திருக்கிறார்கள். போர் தொடங்கியதும் பாரிஸில் பாஸி பக்கம் நான்கு பெண்கள் ஒன்றுகூடிச் சமாளித்தார்கள். கொலெத், முசிடோரா, நடிகை மார்கெரித் மொரேனோ, பத்திரிகையாளர் அனி து பேன். வேலையைப் பிரித்துக்கொண்டதில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிச் சமைக்கிற பொறுப்பு முசிடோராவுக்கு, வீடு பெருக்குவது, துவைப்பது கொலெத்துக்கு.

பாரிஸையே நடுங்க வைத்த இர்மா வெப் காலையில் கூடையோடு உருளைக்கிழங்கு வரிசையில் நிற்கிறார். நானும் வந்த புதிதில் மூன்று பெண்களோடு ஒரு அறையில் இருந்தேன். எனக்கு வாய்த்தது பாத்திரம் கழுவுவது. அந்த மூவரில் ஒருத்தி இன்றைக்கும் என் கடைக்குத்தான் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறாள், தைத்துக் கொடுத்தால் கை சரியில்லை என்று திருப்பியும் கொண்டுவருகிறாள்.

மார்ச் 15

சரி, தலைப்புக்கு வருகிறேன். "அப்புறம் காணாமல் போனார்" என்று தம்பி சொன்னது.

1917 ஜனவரியில் ஃபெயாத்தின் அடுத்த தொடர் ஜூடெக்ஸ் வந்தது. அதிலும் அவர்தான் வில்லி, தியானா மோந்தி. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியையாக வேஷம் போட்டு வீட்டுக்குள் நுழைந்திருப்பார். அதற்கு முன்பே அவர் கேமராவுக்குப் பின்னால் போகத் தொடங்கிவிட்டார். கொலெத்தின் ஒரு நாவலை எடுத்து "மின்" என்று ஒரு படம், அது வெளியாகவில்லை. அப்புறம் கொலெத்தின் இன்னொரு நாவல் "லா வகபோந்த்", அதை இத்தாலியில் படமாக்கினார்கள். அதற்கு இயக்குநர் வேறு, நாயகி இவர். 1918-இல் கொலெத் படத்துக்கென்றே ஒரு கதை எழுதிக் கொடுத்தார், "மறைந்த சுடர்" என்று பொருள்படும் தலைப்பு. அந்தப் படச்சுருள் இன்று எங்கும் இல்லை. பிறகு சொந்தப் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். பாஸ்க் நாட்டில் "விசெந்தா" எடுத்தார். 1921-இல் "தோன் கார்லோஸுக்காக", 1870களில் ஸ்பெயினில் நடந்த கார்லிஸ்ட் போரை வைத்துப் பியேர் பெனுவா எழுதிய நாவல். அதில் அவர் படை நடத்தும் பெண்ணாக வருகிறார். பெரிய படம், செலவு கையைக் கடித்தது.

இயக்கம் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு ஆண் பெயர் பக்கத்தில் நிற்கும். ரோஜே லியோன், ழாக் லாசேன் என்று. கதையைத் தேர்ந்தெடுத்தவர், பணம் புரட்டியவர், நடித்தவர், வெட்டி ஒட்டியதில் உட்கார்ந்தவர் இவர். பிரான்ஸின் முதல் பெண் இயக்குநர் என்றே சொல்லலாம்.

மார்ச் 16

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன், திருத்தம் கீழே இருக்கட்டும்.

முதல் பெண் இயக்குநர் அலிஸ் கி. பிரான்ஸில் மட்டும் முதல்வர் என்று சொன்னால் போதாது, உலகத்திலேயே முதல் வரிசை. 1896-இலேயே கோமோனில் படம் எடுக்கத் தொடங்கியவர். 1907-இல் அமெரிக்கா போகும்போது தன் இடத்துக்கு ஃபெயாத்தை அவர்தான் சிபாரிசு செய்தார். அதாவது முசிடோராவைத் திரையில் நிறுத்திய ஆள் ஒரு பெண் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். முசிடோரா காலத்திலேயே ஜெர்மேன் துலாக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரை உயர்த்த நினைத்து இன்னும் இரண்டு பெண்களை நானே மறைத்துவிட்டேன். வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 22

ஸ்பெயின் கதையை ஒருவர் கேட்டிருந்தார்.

குதிரை மேல் அமர்ந்து காளையை எதிர்கொள்வதில் ஒரு வகை உண்டு, அதில் பேர்போனவர் கோர்தோபாவின் அன்தோனியோ கான்யேரோ. முசிடோரா அவரைக் காதலித்தார். ஸ்பெயினிலேயே தங்கிவிட்டார். அங்கே எடுத்த படங்களில் இரண்டைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். 1922-இல் "வெயிலும் நிழலும்". அதில் இவருக்கு இரட்டை வேடம், சாராயக்கடையில் வேலை பார்க்கும் கறுத்த முடிக்காரி ஹுவானாவும் இவர்தான், வெளிநாட்டிலிருந்து வந்து அவள் காதலனை மயக்கும் பொன்முடிக்காரியும் இவர்தான். வெயில் என்றால் உண்மையாகவே வெயில், சுவரில் அடிக்கும் வெளிச்சத்தில் கண் கூசுகிறது. நிழலில் ஹுவானா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஒரு நிலை இருக்கிறது. கண்ணில் மை மிரட்டல் எதுவும் இல்லை, கை மட்டும் முக்காட்டின் ஓரத்தைச் சுருட்டுகிறது, விடுகிறது, மறுபடி சுருட்டுகிறது.

1924-இல் "காளைகளின் பூமி". அதில் அவர் அவராகவே வருகிறார், படம் எடுக்க அந்தலூசியாவுக்குப் போகும் நடிகை முசிடோராவாக. கான்யேரோ கான்யேரோவாகவே வருகிறார். பாதி ஆவணம், பாதி விளையாட்டு. திரையிடும்போது நடுவில் நிறுத்தி அவரே மேடையில் தோன்றி நடிப்பார். திரையில் இருந்தவர் அடுத்த நிமிடம் எதிரே நின்றால் அந்த அரங்கம் என்ன ஆகியிருக்கும்! காதல் நிலைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டார்.

மார்ச் 30

ஒரு மாதமாக இந்த இழையை எழுதி வருகிறேன், முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பதினைந்து வயது மகளை உட்கார வைத்துத் தொடரை முதலிலிருந்து காட்டுகிறேன். "இந்த அம்மா பின்னால் பெரிய இயக்குநர் ஆனார், கம்பெனி வைத்தார்" என்று நான் பாடம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் "சும்மா இரும்மா, இதிலேயே நன்றாகத்தானே செய்கிறார்" என்றாள்.

அப்புறம் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். அவள் சொன்னது சரி. இர்மா வெப் பெரும்பாலான நேரம் அந்தக் கறுப்பு உடுப்பில் இல்லவே இல்லை. ஒரு பாகத்தில் வேலைக்காரியாகத் தட்டோடு வருகிறார், நடையே மாறியிருக்கிறது, தோள் உள்ளே ஒடுங்கியிருக்கிறது. இன்னொன்றில் வங்கியில் கணக்குப் பெண். இன்னொன்றில் கோட்டு போட்ட இளம் பிரபு, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்கிற சாய்வில் பெண் என்ற தடயமே இல்லை. கூட்டத்தின் தலைவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவன் சாகிறான், அடுத்தவன் வருகிறான், இவர் நிற்கிறார். மொரேனோ என்ற எதிரிக் கொள்ளைக்காரன் கண்ணாலேயே மயக்கி இவரைப் பிடித்துவைக்கும் இடத்தில் ஒரு கணம் முகம் வெறும் பலகையாகிவிடுகிறது. அதைச் செய்துகாட்ட எவ்வளவு பிடி வேண்டும்!

கறுப்பு உடுப்பை மறக்கச் சொன்னது என் அவசரம். இயக்கினால்தான் மரியாதை, நடித்தால் அது வெறும் உடம்பு என்று நானே ஒரு தராசு வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ரவிக்கை தைக்கிறவளும் தொழிலாளிதான், கடை வைத்திருப்பவளும் தொழிலாளிதான், இரண்டுமாக இருந்தவள் நான். அந்தத் தராசை என் தொழிலில் வைக்க மாட்டேனே.

மார்ச் 30, சற்று நேரம் கழித்து

நகைச்சுவையும் செய்வார். 1916-இல் மார்செல் லெவெக்கோடு "லகூர்தெத்" என்று ஒரு படம். லெவெக்தான் வாம்ப்பீரில் மாசமெத்தாக வந்து கேமராவைப் பார்த்துத் தலையாட்டும் நீள மூக்குக்காரர். அவரைப் பார்த்து மகள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

ஏப்ரல் 5

கவிஞர்களைப் பற்றி நான் எழுதவில்லை என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆந்த்ரே பிரெதோன், லூயி அராகோன் இருவருமே போர்க்காலத்தில் இருபது வயதுப் பையன்கள், மருத்துவப் படிப்பும் ராணுவ வேலையுமாக இருந்தவர்கள். முசிடோரா அவர்கள் தலைமுறையின் கனவாக இருந்தார். 1928-இல் இருவரும் சேர்ந்து அவருக்காக ஒரு நாடகம் எழுதினார்கள். பாத்திரங்களின் பெயர்கள் முசிடோரா என்ற பெயரின் எழுத்துகளையே கலைத்துப் போட்டவை, மாத் சூரி, மாரியோ சுத் என்று. இர்மா வெப் விளையாட்டு பெயருக்குச் சொந்தக்காரரிடமே திரும்பி வந்துவிட்டது. அப்போது பாரிஸில் அது மேடையேறவில்லை.

அவர்கள் பெருமையைப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு 1973-தான் முக்கியம். பாரிஸில் சில பெண்கள் சேர்ந்து சங்கம் தொடங்கி அதற்கு முசிடோரா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம் பெண்கள் எடுத்த படங்களுக்கென்று திரைப்பட விழா நடத்தினார்கள். கோமோன் பலாஸை இடித்த அதே 1973.

ஏப்ரல் 12

கடைசிக் காலத்தைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1927-இல் சிறுவயதிலிருந்தே தெரிந்த ஒரு டாக்டரை மணந்தார். மார்ன் பக்கம் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் டாக்டர் மனைவியாக வாழ்ந்தார், ஒரு மகன் பிறந்தான். சினிமா பேச ஆரம்பித்த காலம் அது. ஊமைப் பட நடிகைகள் பலருக்கு அத்தோடு கதவு சாத்தியாயிற்று. இவர் நாவல் எழுதினார், நாடகம் எழுதினார், 1944-இல் விவாகரத்து. ஐம்பத்தைந்து வயதில் மறுபடி வேலைக்குப் போகும் பெண்.

அந்தக் காலத்தில்தான் ஆன்ரி லாங்லுவாவின் சினிமாத்தெக்கில் சேர்ந்தார். படச்சுருள்களைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்ற 1936-இல் தொடங்கிய இடம். அங்கே பத்திரிகைத் தொடர்பு வேலை பார்த்தார். வரலாற்று ஆய்வுக் குழு என்று ஒன்று இருந்தது, ஆரம்பகால சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, யார் என்ன செய்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்கும் வேலை. அதில் முசிடோரா முன்னின்றார். தானும் அந்தக் காலத்து ஆள்தான், தன்னைக் கேளுங்கள் என்று உட்காரலாம். இவர் மற்றவர்களைக் கேட்டு எழுதினார். 1950-இல் தன் பழைய படத் துண்டுகளைச் சேர்த்து ஒரு சிறு படமும் செய்தார். டிக்கெட் வாங்க வந்த இளைஞர்கள் டிக்கெட் கொடுப்பது யார் என்று தெரியாமலே காசு கொடுத்துவிட்டு உள்ளே போய் இர்மா வெப்பைப் பார்த்து வாய்பிளந்தார்கள் என்று ஒரு கதை இந்த ஊர் சினிமா ரசிகர்களிடம் உண்டு. 1957 டிசம்பரில் இறந்தார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் சினிமா முன்னோடி மெலியேஸின் மனைவி ழான் தால்சிதான் கூடவே நினைவுக்கு வருவார். அவர் 1896-லேயே திரையில் தோன்றியவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்து மாயமாய் மறையும் பெண். பிறகு மோம்பர்னாஸ் ரயில் நிலையத்தில் கணவரோடு பொம்மைக்கடையில் மிட்டாயும் பொம்மையும் விற்றார். பிழைப்புக்குச் செய்ததுதான், அதில் குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கடை முன்னால் நின்று பேரம் பேசியவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஏப்ரல் 13

தம்பி எழுதிய பதிலைப் பார்த்தேன். "எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டதே எனக்குச் சந்தோஷம். மூன்றாவது பாகத்திலிருந்து தொடங்குங்கள், பிடித்தால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் திரும்பிப் போங்கள். இரவுக் காட்சிக்கு நீலம், வீட்டுக்குள் மஞ்சள் என்று நிறமேற்றிய பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள், வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதியில் ராத்திரியும் பகல் மாதிரியே இருக்கும். போனில் வேண்டாம். அந்தத் தொடரில் கேமரா நகராது, ஆட்கள் தூரத்துக் கதவிலும் வருவார்கள், அலமாரிக்குள்ளிருந்தும் வருவார்கள், சின்னத் திரையில் தவறவிடுவீர்கள். ஒரே நாளில் முடிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அடுத்த பாகத்துக்கு வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

நாங்கள் ஏழு வரை முடித்திருக்கிறோம். இர்மா வெப்பைப் பிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு வந்து எட்டாவது. மகள் இதைப் படிக்கிறாள், முடிவை மட்டும் யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள்.